பிளவுண்ட மந்தைக்கு ஒரு மேய்ப்பர்

ஆண்டவர் இயேசு விண்ணேற்றம் அடைந்த பின்னர், தூய ஆவியாரின் வருகைக்காகக் காத்திருந்த நாட்களில், தொடக்கத் திருச்சபை ஆற்றிய முக்கிய செயலொன்றைத் திருத்தூதர் பணிகள் நூலின் முதலாம் அதிகாரம் (1:15-26) நமக்கு எடுத்துரைக்கின்றது. அது ஒரு தலைமைத்துவத் தேர்வு. யூதாசின் வீழ்ச்சியினால் வெறுமையாகிய இடத்தை நிரப்புவதற்காக ஏறத்தாழ 120 பேர் ஒன்றுகூடினர். தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர் எத்தகையவராய் இருத்தல் வேண்டும் என்பதைப் பேதுரு முதலில் விளக்கினார். யோவானின் திருமுழுக்குக் காலம் தொடங்கி ஆண்டவரின் விண்ணேற்றம் வரை உடனிருந்தவராகவும், அவரது உயிர்ப்புக்குச் சாட்சி பகரக்கூடியவராகவும் அவர் இருத்தல் வேண்டும். இரு பெயர்கள் முன்வைக்கப்பட்டன. செபித்தனர், சீட்டுப் போட்டனர், சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது.

இப்பகுதியை வாசிக்கும்போது நமது பார்வை மத்தியாவின் மேலேயே தங்கிவிடுகின்றது. தெரிவுசெய்யப்படாத மற்றவரை, யுஸ்து என அழைக்கப்பட்ட யோசேப்பு பர்சபாவை, நாம் மறந்துவிடுகின்றோம். அவருக்கும் அக்கூட்டத்தில் நண்பர்கள் இருந்திருப்பர். அவரே பொருத்தமானவர் என எண்ணியோரும் இருந்திருப்பர். ஆயினும் அவர்கள் எழுந்து வெளியேறியதாகவோ, வேறோர் இல்லத்தில் தனியாகக் கூடியதாகவோ லூக்கா எழுதவில்லை. பெந்தக்கோஸ்து நாள் புலர்ந்தபோதும் அவர்கள் ஒன்றாகவே இருந்தனர் என்பதையே அவர் பதிவுசெய்கின்றார். ஒரு தேர்வின் வெற்றியை அறிய விரும்புவோர், தெரிவாகாதவரின் பக்கம் நின்றோர் அதன் பின்னர் எங்கே நிற்கின்றனர் என்பதையே பார்த்தல் வேண்டும்.

இவ்வெண்ணத்தோடு, நமது சகோதரக் கிறிஸ்தவர்களாகிய அங்கிலிக்கன் மக்கள் அண்மைக் காலத்தில் கடந்துவந்த ஒரு தேர்வையும், அதன் பின்னணியில் உள்ள நெடிய வேதனையையும் இவ்வாரம் சிந்திப்போம்.

கன்ரபரியின் ஆசனம்

2024 நவம்பர் 12ஆம் நாள், கன்ரபரியின் 105ஆவது பேராயரான ஜஸ்டின் வெல்பி தமது பதவி விலகலை அறிவித்தார். 2025 ஜனவரி 6ஆம் நாளுடன் அவரது பணி நிறைவுற்றது. அவரது இடத்துக்கு யார் என்பதை உலகம் அறிவதற்கு ஏறத்தாழ பதினொரு மாதங்கள் சென்றன. 2025 ஒக்டோபர் 3ஆம் நாள், இலண்டன் ஆயராகப் பணியாற்றிய சாரா முல்லாலி 106ஆவது பேராயராக அறிவிக்கப்பட்டார். அந்த ஆசனத்துக்குத் தெரிவான முதலாவது பெண் அவர். குருத்துவப் பணிக்கு வருவதற்கு முன்னர் அவர் புற்றுநோயாளரைப் பராமரித்த தாதியாக இருந்தவர். பின்னர் இங்கிலாந்தின் பிரதம தாதிய அதிகாரியாக உயர்ந்தவர்.

106 என்னும் இவ்வெண்ணிக்கை, திருத்தந்தை பெரிய கிரகோரியாரால் அனுப்பப்பட்டு 597இல் இங்கிலாந்தை வந்தடைந்த புனித அகுஸ்தீனாரிலிருந்து தொடங்குகின்றது. 1534இல் எட்டாம் ஹென்றி மன்னர் உரோமையுடனான தொடர்பைச் சட்டத்தினால் அறுத்த பின்னரும், அவ்வரிசையை அங்கிலிக்கன் மக்கள் தொடர்ந்தே எண்ணிவருகின்றனர். பெண்களின் குருத்துவம் பற்றி நமது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை வேறானது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1994இல் அதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். எனினும் இக்கட்டுரையின் நோக்கம் அவ்விவாதமன்று. பிளவுண்ட ஒரு மந்தை தனக்கு மேய்ப்பரை எவ்வாறு தேடுகின்றது என்பதே நமது சிந்தனைப் பொருள்.

கன்ரபரிப் பேராயர் அங்கிலிக்கன் உலகின் திருத்தந்தை எனப் பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. 165க்கு மேற்பட்ட நாடுகளில் வாழும் கோடிக்கணக்கான அங்கிலிக்கன் மக்கள் 42 தன்னாட்சியுடைய மாநிலத் திருச்சபைகளாக அமைந்துள்ளனர். ஒரு மாநிலத்தின் தீர்மானத்தை மாற்றும் அதிகாரம் கன்ரபரிக்கு இல்லை. அவர் சமமானோருள் முதல்வர். 1867 தொடக்கம் கூடிவரும் லம்பெத் மாநாட்டுக்கு ஆயர்களை அழைப்பதும், மாநிலத் தலைமைப் பேராயர்களைக் கூட்டுவதுமே அவரது உலகளாவிய பணி. அவர் கட்டளையிடுபவர் அல்லர். ஒரே மேசைக்கு அழைப்பவர். அழைக்கப்படுவோர் வர மறுத்தால் அவரது கையில் வேறு கருவி இல்லை.

ஆயினும் நமது நாட்டைப் பொறுத்தவரை அவருக்குத் தனியானதோர் இடமுண்டு. இலங்கைத் திருச்சபையின் கொழும்பு, குருநாகல் ஆகிய இரு அங்கிலிக்கன் மறைமாவட்டங்களும் எந்தவொரு மாநிலத்தையும் சாராதவை. கன்ரபரிப் பேராயரையே தங்கள் தலைமைப் பேராயராகக் கொண்டவை. கொழும்பு மறைமாவட்டத்தின் 16ஆவது ஆயரான துஷாந்த றொட்றிகோ ஆண்டகை 2020இல் அப்பேராயராலேயே நியமிக்கப்பட்டார். யாழ்ப்பாணத்தின் பரி. யோவான் கல்லூரியை அறியாத குடும்பம் நம்மிடையே அரிது. நம் அயலவராகவும், உறவினராகவும், ஆசிரியராகவும் வாழும் அம்மக்களின் கவலை நமக்கும் அந்நியமானதன்று.

விரிசல் வளர்ந்த விதம்

தாராளவாதிகள், பழைமைவாதிகள் என்னும் இரு சொற்களும் இன்று செய்தித்தாள்களில் தாராளமாகப் பயன்படுத்தப்படுகின்றன. இவை இரு தரப்பினரின் உள்ளத்தையும் முழுமையாக வெளிப்படுத்துவன அல்ல. காலந்தோறும் கடவுள் தமது மக்களுக்குப் புதிய ஒளியை அருளுகின்றார், ஒதுக்கப்பட்டோரைக் கிறிஸ்து அணைத்தவாறே நாமும் அணைத்தல் வேண்டும் என்பது ஒரு சாராரின் உறுதி. திருத்தூதர்களிடமிருந்து பெற்றதை மாற்றும் உரிமை எந்தத் தலைமுறைக்கும் இல்லை, விவிலியத்தின் தெளிவான போதனையைக் காலத்துக்கேற்ப வளைத்தலாகாது என்பது மறுசாராரின் உறுதி. இரு சாராரும் கிறிஸ்துவின் மீதுள்ள அன்பினாலேயே பேசுவதாக நம்புகின்றனர். ஆதலாலேயே இப்பிளவு இத்துணை வலி நிறைந்ததாய் உள்ளது.

பெண்களின் திருப்பணி பற்றிய விவாதம் முந்தியது. 1944இல், போர்க்காலத்தின் நெருக்கடியில், ஹொங்கொங் ஆயர் புளோரன்ஸ் லீ டிம்-ஒய் என்னும் சீனப் பெண்மணியைக் குருவாகத் திருநிலைப்படுத்தினார். இங்கிலாந்துத் திருச்சபை 1992இல் பெண் குருக்களை ஏற்கத் தீர்மானித்தது. பெண் ஆயர்களை ஏற்கும் சட்டமூலம் 2012 நவம்பரில் பொதுநிலையினர் அவையில் ஆறு வாக்குகளால் தேவையான மூன்றில் இரண்டு பங்கை எட்டத் தவறியது, 2014இலேயே நிறைவேறியது.

தன்பாலினத்தவரின் உறவு பற்றிய விவாதமோ இன்னும் ஆழமாக வெட்டியது. 1998ஆம் ஆண்டின் லம்பெத் மாநாட்டில், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்ற மரபுப் போதனையை உறுதிப்படுத்தும் தீர்மானத்துக்கு 526 ஆயர்கள் ஆதரவாகவும் 70 பேர் எதிராகவும் வாக்களித்தனர். ஐந்தாண்டுகளின் பின்னர், 2003இல், அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மறைமாவட்டம் தன் துணைவருடன் வெளிப்படையாக வாழ்ந்த ஜீன் றொபின்சன் என்பவரைத் தனது ஆயராகத் தெரிவுசெய்தது. அவர்களது சட்டத்தின்படி குருக்களும் பொதுநிலையினரும் வாக்களித்தனர். தேசியப் பேரவையும் இசைந்தது. முறைப்படி நோக்கின் அத்தெரிவில் குறையில்லை. ஆனால் அந்த ஒரு மறைமாவட்டத்தின் தெரிவு, கடல்களுக்கு அப்பாலுள்ள நைஜீரியாவின் சிற்றூர்ப் பங்குகளையும் அசைத்தது. திருநிலைப்பாட்டு நாளில் அப்புதிய ஆயர் தமது திருவுடைகளின் உள்ளே குண்டு துளைக்காத அங்கி அணிய நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்கையில், எவரது உள்ளமும் துயருறும்.

அதே ஆண்டில் இங்கிலாந்திலும் ஒரு நிகழ்ச்சி. ரெடிங் என்னும் இடத்தின் துணை ஆயராக அறிவிக்கப்பட்ட ஜெப்ரி ஜோன் என்னும் குருவானவர், தாம் கற்புநெறியில் வாழ்வதாகக் கூறியபோதிலும், எழுந்த பெரும் எதிர்ப்பின் நடுவே சில வாரங்களில் தமது பெயரை மீளப்பெற்றார். அன்றைய பேராயர் றோவன் வில்லியம்ஸ் அவரது நெடுநாள் நண்பர். திருச்சபையின் ஒற்றுமைக்காக நண்பரையே விலகச் செய்ய வேண்டிய நிலை பேராயருக்கு. ஒரு சாரார் அவரைத் துணிவற்றவர் என்றனர். மறுசாரார் அவர் இன்னும் உறுதியாய் இருந்திருக்க வேண்டும் என்றனர். பிளவுண்ட மந்தையின் மேய்ப்பர் சுமக்கும் சிலுவை இத்தகையது.

அதன் பின்னர் விரிசல் விரைந்து விரிந்தது. 2008இல் பழைமை மரபைப் போற்றுவோர் எருசலேமில் காஃப்கொன் என்னும் தனி மாநாட்டைக் கூட்டினர். அவ்வாண்டின் லம்பெத் மாநாட்டுக்கு இருநூறுக்கு மேற்பட்ட ஆயர்கள் செல்லவில்லை. 2022ஆம் ஆண்டின் மாநாட்டையும் நைஜீரியா, உகண்டா, றுவாண்டா ஆகிய நாடுகளின் ஆயர்கள் புறக்கணித்தனர். 2023 பெப்ரவரியில், தன்பாலின இணையருக்கான ஆசீர் மன்றாட்டுக்களை இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை வரவேற்றபோது, தென்னுலகின் பல தலைமைப் பேராயர்கள் இனிமேல் வெல்பி அவர்களைச் சமமானோருள் முதல்வராக ஏற்க இயலாது என அறிவித்தனர். மேசை இருந்தது, அழைப்பவரும் இருந்தார், இருக்கைகள் வெறுமையாகத் தொடங்கின.

தேர்ந்தெடுக்கும் முறை

இங்கிலாந்தில் ஆயர்களைத் தெரிவுசெய்யும் முறைக்கு நெடிய வரலாறு உண்டு. எட்டாம் ஹென்றியின் காலம் முதல் மன்னரே பெயரைக் குறிப்பிட்டார். பேராலயத்தின் குருக்கள் குழாம் அப்பெயரையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். காலப்போக்கில் மன்னரின் அவ்வுரிமை பிரதமரின் கைக்கு மாறியது. 1976இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி திருச்சபையின் ஆணைக்குழு இரு பெயர்களை முன்மொழிய, பிரதமர் அவற்றில் ஒன்றைத் தெரிந்தார். 2007இல் பிரதமர் கோர்டன் பிறவுண் அத்தெரிவுரிமையையும் விட்டுக்கொடுத்தார். இன்று ஆணைக்குழு தரும் ஒரே பெயரைப் பிரதமர் மன்னருக்கு அனுப்பிவைக்கின்றார். அரண்மனையில் இருந்த சுமை இவ்வாறு மெல்ல மெல்லத் திருச்சபையின் தோளுக்கு இறங்கியது. பிறர் தெரிந்து தந்த காலத்தில் குறைகூறலாம். தாமே தெரியும் காலத்தில் தம்முள் இணங்கியே ஆக வேண்டும்.

அந்த ஆணைக்குழுவின் விதி சிந்திக்கத்தக்கது. இரகசிய வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவின்றி எவரது பெயரும் முன்செல்ல முடியாது. கன்ரபரித் தெரிவில் வாக்களிப்போர் 17 பேர். குறைந்தது 12 பேர் இணங்குதல் வேண்டும். எந்தவொரு தரப்பும் தனித்து வெற்றிபெற இயலாது. மறுதரப்பில் சிலரையேனும் நம்பச் செய்தாலன்றி வழி இல்லை. 2012 செப்டெம்பரில் றோவன் வில்லியம்சுக்குப் பின்வருபவரைத் தெரியக் கூடிய ஆணைக்குழு மூன்று நாட்கள் கலந்துரையாடியும் முடிவை அறிவிக்கவில்லை. நவம்பரிலேயே வெல்பியின் பெயர் வெளியாயிற்று. அண்மைய ஆண்டுகளில் கார்லைல், ஈலி ஆகிய மறைமாவட்டங்களுக்கான அமர்வுகள் எவரையும் முன்மொழிய இயலாமலே முடிவடைந்தன. ஒருவரை ஒருவர் நம்பாதோரின் நடுவே வாக்குப் பெட்டி ஊமையாகிவிடுகின்றது.

இதனை உணர்ந்தே 2022இல் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. அதுவரை உலக அங்கிலிக்கன் சமூகத்துக்கு அந்த ஆணைக்குழுவில் ஒரே ஓர் இடமே இருந்தது. அது ஐந்தாக உயர்த்தப்பட்டது. கன்ரபரி மறைமாவட்டம் தனக்குரிய ஆறு இடங்களில் மூன்றை விட்டுக்கொடுத்தது. 2025இல் நடைபெற்ற பொதுக் கருத்தறிதலில் 11,000க்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர். உலகின் பிற பகுதிகளின் குரலையும் கேட்போம் என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் விரிசல் மூடவில்லை. ஆசீர் மன்றாட்டுக்களுக்கு வழிவகுத்த ஆயர் குழுவுக்கு முன்னர் தலைமை தாங்கியவர் என்பதனாலும், பெண் என்பதனாலும் முல்லாலி அவர்களின் தெரிவை மரபுத் தரப்பினர் பலர் ஏற்கவில்லை. வேறு சிலரோ, நோயாளரின் படுக்கையருகே நின்று பழகிய ஒருவர் காயமுற்ற திருச்சபையின் அருகேயும் பொறுமையுடன் நிற்பார் என நம்பினர். அறிவிப்பு வெளியான நாளிலேயே, காஃப்கொனின் தலைவரான றுவாண்டாப் பேராயர் லோறன்ட் எம்பாண்டா தமது கவலையை வெளியிட்டார். ஒக்டோபர் 16ஆம் நாள், கன்ரபரியை மையமாகக் கொண்ட அமைப்புக்களை இனி ஏற்பதில்லை எனவும், அங்கிலிக்கன் சமூகத்தைத் தாங்களே மறுசீரமைப்பதாகவும் அவ்வியக்கம் அறிவித்தது. மற்றொரு புறம், தலைமைப் பணிகளைக் கன்ரபரியின் ஒருவர் கையில் மட்டும் வைத்திராமல் உலகின் பல பகுதிகளும் பகிர்ந்துகொள்ளும் வழிகளை அங்கிலிக்கன் இறையியலாளர் குழுவொன்று 2024 டிசம்பரில் முன்மொழிந்திருந்தது.

மறக்கப்பட்ட சிறியோர்

இங்கு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. வெல்பி பதவி விலகியது தாராளவாதத்தினாலும் அன்று, பழைமைவாதத்தினாலும் அன்று. ஜோன் ஸ்மித் என்னும் வழக்கறிஞர், கிறிஸ்தவ இளைஞர் பாசறைகளின் வழியாகத் தம்மை நம்பி வந்த நூற்றுக்கு மேற்பட்ட சிறுவர்களையும் இளைஞர்களையும் பல ஆண்டுகளாகக் கொடூரமாகத் துன்புறுத்தினார். முதலில் இங்கிலாந்திலும் பின்னர் ஆபிரிக்காவிலும் இது தொடர்ந்தது. 2018இல் அவர் இறக்கும்வரை எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை. 2013இல் இவ்விடயம் திருச்சபையின் உயர்மட்டத்துக்குத் தெரியவந்த பின்னரும் உரிய வேகத்துடன் செயற்படவில்லை என 2024 நவம்பரில் வெளியான சுயாதீன விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. அதன் பின்னரே பேராயர் விலகினார்.

யார் சரியானவர் என்று இரு தரப்பினரும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டுக்கொண்டிருந்த அதே வேளையில், மந்தையின் சிறிய ஆடுகள் இரத்தம் சிந்திக்கொண்டிருந்தன. அவர்களது அழுகுரலுக்குக் கட்சி இல்லை. அதனால் அதற்காகப் பேசவும் ஆளில்லை. இதனை நாம் பிறருடைய குற்றமாக மட்டும் நோக்க முடியாது. நமது கத்தோலிக்கத் திருச்சபையும் பல நாடுகளில் இதே காயத்தைத் தன் உடலில் சுமக்கின்றது. ஒரு மேய்ப்பரைத் தேடும்போது, அவர் எந்தப் பக்கத்தவர் என்று வினவும் முன், அடிபட்ட ஆட்டின் குரல் அவரது செவிக்கு எட்டுமா என்று வினவுதல் வேண்டும். பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதும்போது (1 திமொத்தேயு 3:1-7), ஆயருக்கு வேண்டிய பண்புகளாகக் கூறுவன யாவும் நிதானம், விருந்தோம்பல், கனிவு, பணப்பற்றின்மை, தம் இல்லத்தை நன்கு நடத்தும் ஆற்றல் போன்றனவே. அப்பட்டியலில் கட்சிப் பெயர் எதுவும் இல்லை.

நமது வரலாறு கற்பிப்பது

அயலவரின் வீட்டில் எழும் பூசலைத் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்ப்பது கிறிஸ்தவப் பண்பன்று. நமது வீட்டின் வரலாற்றையும் நினைவுகூர்வோம். நான்காம் கிளெமெந்து திருத்தந்தை 1268இல் இறந்த பின்னர், வித்தர்போ நகரில் கூடிய கர்தினால்மார் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இணங்க முடியாமல் இருந்தனர். பொறுமையிழந்த மக்கள் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டி, உணவைக் குறைத்து, கூரையையும் பிரித்தனர் எனக் கூறுவர். 1274இல் பத்தாம் கிரகோரியார் கொண்டுவந்த கொன்கிளேவ் ஒழுங்கு அந்த அனுபவத்தில் பிறந்ததே. திருத்தந்தையின் தெரிவுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும் என்ற விதியோ அதற்கும் முந்தியது. போட்டித் திருத்தந்தையரால் அல்லலுற்ற காலத்தின் பின், 1179இல் மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம் அதனை வகுத்தது.

1378இல் இன்னும் பெரிய துயர் வந்தது. ஒரே கர்தினால் குழாம் ஒருவரைத் தெரிந்து, சில மாதங்களில் மற்றொருவரையும் தெரிந்தது. இரு திருத்தந்தையர், பின்னர் மூவர். நாடுகளும் துறவற சபைகளும் பிரிந்து நின்றன. புனிதர்கள்கூட வெவ்வேறு பக்கங்களில் நின்றனர். சியன்னா நகரப் புனித கத்தரீனம்மாள் உரோமையின் பக்கம் நிற்க, புனித வின்சென்ட் பெரர் அவிஞ்ஞோனின் பக்கம் நின்றார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின், 1417இல் கொன்ஸ்தான்ஸ் பொதுச்சங்கம் அதற்கு முடிவுகட்டியது. எவ்வாறு? 23 கர்தினால்மாருடன், ஐந்து தேசத்தவர்களின் பிரதிநிதிகளாக ஒவ்வொன்றுக்கும் அறுவராக 30 பேர் அமர்ந்தனர். கர்தினால்மாரில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போதாது. ஒவ்வொரு தேசத்தவரிலும் மூன்றில் இரண்டு பங்கினர் இணங்குதல் வேண்டும் என விதித்தனர். எந்தவொரு தரப்பும் தோற்கடிக்கப்படாத அத்தேர்வில் ஐந்தாம் மார்ட்டின் திருத்தந்தையானார். பிளவு ஆறியது.

விதி மட்டும் காயத்தை ஆற்றிவிடும் என்று இதனால் கொள்ளலாகாது. கொன்ஸ்தான்சில் கூடியோர் விசுவாசத்தில் ஒன்றாய் இருந்தனர். யார் திருத்தந்தை என்பதிலேயே வேறுபட்டனர். இன்று அங்கிலிக்கன் மக்களிடையே உள்ள பிளவு போதனையையே தொடுகின்றது. அதனாலேயே ஐந்து இருக்கைகள் கூட்டியும் அமைதி வரவில்லை. போதனையில் பிளவுண்ட மந்தைக்கு மேய்ப்பராக வருபவர் என் செய்வார்? அதற்கு மிலான் நகரம் ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றது.

374இல், ஆரியக் கொள்கையைச் சார்ந்த ஆயர் அவுக்சென்சியுஸ் இறந்தார். கிறிஸ்துவின் இறைத்தன்மையை மறுத்தோரும் அறிக்கையிட்டோரும் பேராலயத்தில் மோதும் நிலையில் நின்றனர். அமைதி காக்க வந்தவர் மாநில ஆளுநர் அம்புறோஸ். அவர் அப்போது திருமுழுக்குக்கூடப் பெறாதவர். அவர் பேசி முடிக்கையில், அவரே ஆயராகட்டும் என்று மக்கள் குரலெழுப்பினர். இரு சாராரும் இணங்கினர். அவர் மறுத்தும் மக்கள் விடவில்லை. திருமுழுக்குப் பெற்று, ஒரு வாரத்துக்குள் திருநிலைப்படுத்தப்பட்டார். டிசம்பர் 7ஆம் நாள் நாம் அவரது நினைவைக் கொண்டாடுவது அந்நாளையே குறித்து. இரு சாராரும் அவரை ஏற்றது அவரது நடுவுநிலை நேர்மைக்காக. ஆனால் ஆயரான பின்னர் அவர் உண்மையை இரு பங்காக வெட்டி இரு சாராருக்கும் பகிரவில்லை. பேரரசி யுஸ்தீனா ஆரியர்களுக்காக ஆலயமொன்றைக் கேட்டபோது, 386இல் மக்களோடு ஆலயத்தினுள் தங்கியிருந்து மறுத்து நின்றார். ஆளிடம் நேர்மை, உண்மையில் உறுதி: இவ்விரண்டில் ஒன்றைக் கைவிட்டு மற்றதைக் காக்க முடியாது என்பதை அவரது வாழ்வு காட்டுகின்றது.

நமக்கு என்ன செய்தி?

2025 மே 7ஆம் நாள் 133 கர்தினால்மார் கூடி, இரண்டாம் நாளிலேயே பதினான்காம் லியோ திருத்தந்தையைத் தெரிந்தனர். இறைவனுக்கு நன்றி கூறினோம். ஆனால் அதற்கு முந்திய நாட்களில் நமது நாவுகளும் யார் தாராளவாதி, யார் பழைமைவாதி என்று கணக்கிட்டதை மறந்துவிடலாகாது. 2023 டிசம்பரில் ஆசீர்கள் பற்றி உரோமையிலிருந்து ஓர் ஆவணம் வெளியானபோது, அதனைத் தமது நாடுகளில் நடைமுறைப்படுத்த இயலாது என ஆபிரிக்க ஆயர்கள் பலர் வெளிப்படையாகவே அறிவித்தனர். ஆயினும் அவர்கள் மேசையை விட்டு எழவில்லை. பேதுருவின் வழித்தோன்றலுடனான ஒன்றிப்பில் நின்றவாறே தமது மறுப்பைத் தெரிவித்தனர். உடன்படாமல் இருந்தும் உடனிருக்கக் கற்பது ஒரு பெரும் அருள். அதனை நாம் உரிமையாகக் கருதாது, மன்றாடிப் பெற வேண்டிய கொடையாகக் கருதுவோம்.

இது உரோமைக்கும் கன்ரபரிக்கும் மட்டும் உரியதன்று. நமது பங்குகளில் பங்குப் பேரவைக்கும், பக்திச் சபைகளுக்கும், திருவிழாக் குழுவுக்கும் தலைவரைத் தெரியும் வேளைகளை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தெரிவானதும் மற்றவரின் குடும்பம் சபைக்கு வருவதை நிறுத்திவிடுகின்றது. ஒரு பகுதியினர் தேருக்கு வடம்பிடிக்க வருவதில்லை. பாடகர் குழாம் இரண்டாகின்றது. பிள்ளைகள் இதனைப் பார்த்தே வளர்கின்றனர். தெரிவான மத்தியாக்கள் நம்மிடையே பலர் உளர். தெரிவாகாத பின்னும் உடனிருக்கும் யோசேப்புக்களே அரியவர். அத்தகைய ஒருவரை உங்கள் பங்கில் அறிவீர்களாயின், அவருக்கு நன்றி கூறுங்கள். திருச்சபையைச் சுவர்போல் தாங்கி நிற்போர் அவர்களே.

தெரிவானவருக்கும் ஒரு சொல். வாக்களித்தவர்களின் வீட்டுக்குச் செல்வது எளிது. வாக்களிக்காதவரின் வாசலில் முதலில் போய் நிற்பதே மேய்ப்புப்பணி. தொண்ணூற்றொன்பது ஆடுகளின் நடுவே அமர்ந்து, வழிதவறியது அதன் குற்றமே என்று கூறியவரை நற்செய்தி நல்லாயன் என அழைக்கவில்லை.

நமது அங்கிலிக்கன் அயலவரைப் பற்றியும் இறுதியாக ஒன்று. 1966 மார்ச்சில், உரோமைக்கு வந்த கன்ரபரிப் பேராயர் மைக்கல் ராம்சேயின் விரலில், திருத்தந்தை ஆறாம் பவுல் தாம் மிலான் பேராயராக இருந்தபோது அணிந்த மோதிரத்தை அணிவித்தார். பேராயர் கண்ணீர் விட்டார் என்பர். புனித அம்புறோசின் ஆசனத்தில் அமர்ந்தவரின் மோதிரம் அது. 2025 ஒக்டோபர் 23ஆம் நாள், திருத்தந்தை லியோவும் இங்கிலாந்தின் மூன்றாம் சார்ள்ஸ் மன்னரும் சிஸ்டைன் சிற்றாலயத்தில் இணைந்து செபித்தனர். சீர்திருத்த காலத்தின் பின்னர் இங்கிலாந்து மன்னரொருவர் திருத்தந்தையுடன் அவ்வாறு பொதுவழிபாட்டில் இணைந்தது அதுவே முதற்றடவை. போதனையில் நம்மைப் பிரிக்கும் தடைகள் மெய்யானவை, புதியனவும் சேர்ந்துள்ளன. அவற்றை இல்லையெனக் கூறுவது அன்பாகாது. ஆனால் அவர்களது துயரைக் கண்டு மகிழ்வது அதனினும் பெரிய பாவம்.

ஆகவே இவ்வாரம் உங்கள் இல்லத்தில் மாலைச் செபமாலை சொல்லும் வேளையில், ஒரு மறைநிகழ்ச்சியைப் பிளவுண்ட எல்லாத் திருச்சபைகளின் மேய்ப்பர்களுக்காகவும் ஒப்புக்கொடுங்கள். தெரிவானோர் தாழ்ச்சியுடன் பணிபுரியவும், தெரிவாகாதோர் கசப்பின்றி உடனிருக்கவும், காயமுற்ற சிறியோரின் குரல் எந்தக் கட்சியின் ஆரவாரத்திலும் அமிழ்ந்துபோகாதிருக்கவும் மன்றாடுவோம். தம்முடையோர் அனைவரும் ஒன்றாயிருக்க வேண்டுமெனத் தமது பாடுகளுக்கு முந்திய இரவில் தந்தையிடம் இறைஞ்சிய நல்லாயனாகிய இயேசு, தமது மந்தையை ஒன்றுசேர்ப்பாராக.